பூனைக்கு ஹெர்பிஸ் சளி: எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

பூனை விடாமல் தும்முகிறது, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது, தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இப்படி ஆகிற பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பூனை ஹெர்பிஸ் வைரஸ் அல்லது கலிசி வைரஸ், பல நேரம் இரண்டும் சேர்ந்தே. இங்கே ஹெர்பிஸைத்தான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் அதுதான் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை தொற்றினால் முகத்து நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்கிக்கொள்ளும், எந்த மருந்தாலும் அங்கிருந்து கிளப்ப முடியாது. அதனால் "முழுசா குணமாக்க என்ன வழி" என்று தேடுவதை விட்டுவிட்டு, இந்த முறை பூனையை மூச்சோடும் சாப்பாட்டோடும் கண்ணோடும் கரையேற்றுவது எப்படி, அடுத்த முறையைத் தள்ளிப்போடுவது எப்படி என்று மட்டும் பார்ப்போம்.

புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மருந்தில் இல்லை, வரிசையில். மூக்கு அடைத்திருக்கும்போதே சாப்பாட்டைத் திணிப்பார்கள். கண்ணில் என்ன புண் என்று தெரியாமலே சொட்டு மருந்து போடுவார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

ராத்திரி பதினொரு மணிக்கு மெடிக்கல் ஷாப் தேடி ஓடாமல் இருக்க இவற்றைப் பூனை நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

நார்மல் சலைன், 0.9 சதவீதம். இதை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: கடையில் "மூக்கு சொட்டு மருந்து" என்று கேட்டால் மனிதர்களுக்கான மூக்கடைப்பு மருந்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் சைலோமெட்டசோலின் அல்லது ஆக்சிமெட்டசோலின் இருக்கும், பூனையின் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது ஆபத்து. லேபிளில் சோடியம் குளோரைடு தவிர வேறு மருந்துப் பெயர் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

காஸ் துணி. பஞ்சு வேண்டாம், அதன் இழை கண்ணில் ஒட்டிக்கொண்டு உறுத்தும். ஊசி இல்லாத சிரிஞ்ச் 1, 5, 10 மி.லி. அளவுகளில் சில. பழைய துண்டு இரண்டு. டிஜிட்டல் தெர்மாமீட்டர். பூனை கழுத்துக்கான கூம்புக் காலர், கண்ணைப் பிராண்டாமல் தடுக்க.

அப்புறம் சமையலறைத் தராசு. பலருக்கு இது தேவையில்லாத பொருளாகத் தெரிகிறது, ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். "கொஞ்சம் சாப்பிட்டது மாதிரிதான் இருந்துச்சு" என்பது அளவு இல்லை. நேற்றைவிட இன்று எத்தனை கிராம் குறைந்திருக்கிறது என்பதுதான் அளவு. பெரிய பூனை தராசில் நிற்காவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

2. மூச்சைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

பூனை தூங்கும்போது அல்லது அமைதியாகப் படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. தொடர்ந்து 40ஐத் தாண்டினால் அது வெறும் மூக்கடைப்பாக இல்லாமல் இருக்கலாம்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, வயிறு உள்வாங்கி உள்வாங்கி இழுப்பது, ஈறு வெளுத்தோ நீலம் பூத்தோ இருப்பது: இதில் எது ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள். நாய் வாயைத் திறந்து இளைப்பது சாதாரணம், பூனை அப்படி இல்லை. மூக்கு முழுக்க அடைத்ததாலும் வாயைத் திறக்கலாம், நுரையீரலில் சளி கட்டியதாலும் திறக்கலாம், நெஞ்சுக்குள் நீர் கோர்த்ததாலும் திறக்கலாம். வீட்டில் உட்கார்ந்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. போகும் வழியில் மருந்து கொடுக்கவோ முகத்தைத் துடைக்கவோ முயலாதீர்கள், பிடித்து அமுக்கும்போது பூனைக்கு இன்னும் அதிக ஆக்சிஜன் தேவைப்படும்.

எட்டு வாரத்துக்கும் குறைந்த குட்டி என்றால் அளவுகோலே வேறு. காலையில் தும்மிக்கொண்டிருந்த குட்டி மாலைக்குள் நீர்ச்சத்து வற்றித் துவண்டு போகும். குட்டி ஒரு வேளை சாப்பிடாமல் தாண்டினாலே டாக்டரிடம் கொண்டு போங்கள். வளர்ந்த பூனை ஒரு முழு நாள் எதுவும் சாப்பிடவில்லை என்றால் போன் செய்யுங்கள்.

காய்ச்சலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூனையின் சாதாரண உடல் வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும், நம் கைக்கு அது எப்போதும் சுடும். தெர்மாமீட்டரில் 102 என்று பார்த்ததும் பதறி, வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைப் பாதி உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிட்டத்தட்ட இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, ஒரே மாத்திரையில் செத்துப்போகும். சிரப், சொட்டு, குழந்தைகளுக்கான அளவு என்று எந்த வடிவிலும் கூடாது. ஐபுபுரூஃபெனும் அப்படித்தான்.

3. ஹெர்பிஸ்தானா என்று ஒரு கண்ணோட்டம்

ஹெர்பிஸ் என்றால் தும்மல் அதிகம், கண் சிவந்து நீர் வடியும், இடுக்கும், முதலில் தெளிவாக இருந்த மூக்குநீர் பிறகு மஞ்சளாகக் கெட்டியாகும். கலிசி என்றால் நாக்கில், அண்ணத்தில் புண் இருக்கும், எச்சில் ஒழுகும், சில பூனைகள் காலை நொண்டும். கிளமிடியா என்கிற பாக்டீரியா என்றால் தும்மல் பெரிதாக இருக்காது, கண்ணின் உள்சதை மட்டும் நன்றாக வீங்கிச் சிவக்கும், பெரும்பாலும் ஒரு கண்ணில் ஆரம்பித்து மறு கண்ணுக்குப் போகும்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் வாரக்கணக்கில் ஒழுகினால் வேறு திசையில் யோசியுங்கள்: மூக்குக்குள் சிக்கிய புல், பல் வேரில் சீழ், சதை வளர்ச்சி, பூஞ்சை. தும்மலே இல்லாமல் கழுத்தை நீட்டிக் குந்தி உட்கார்ந்து இருமினால் ஆஸ்துமாவாக இருக்கலாம்.

பி.சி.ஆர். சோதனை எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் அதன் பதில் நினைத்த அளவுக்கு உதவாது. ஆரோக்கியமான பூனைகளிலும் இந்த வைரஸ் இருக்கும், அண்மையில் போட்ட தடுப்பூசியும் சில நேரம் பாசிட்டிவ் காட்டும், வைரஸ் அன்றைக்கு வெளியே வராமல் பதுங்கியிருந்தால் நெகட்டிவ் வரும். கையில் உள்ள பணம் ஒரு சோதனைக்குத்தான் போதும் என்றால் அதைக் கண்ணுக்குச் சாயம் போட்டுப் பார்ப்பதற்கு வையுங்கள், ஆறாவது படியில் வருகிறேன். பல பூனைகள் உள்ள காப்பகம், குட்டி போட வைக்கும் பூனை, மருந்துக்கு மசியாத நோய், இங்கெல்லாம் பி.சி.ஆருக்கு அர்த்தம் உண்டு.

4. பிரித்து வையுங்கள், ஆனால் சிறை வைக்காதீர்கள்

இந்த வைரஸ் மனிதருக்கோ நாய்க்கோ வராது. பூனைக்குப் பூனைதான் பரவும், தும்மல் துளி ஒரு மீட்டர் அளவு போகும், அதைவிட அதிகமாக நம் கையும் சட்டையும் சாப்பாட்டுத் தட்டும் கொண்டு போய்ச் சேர்க்கும். அதனால் எப்போதும் நல்ல பூனைக்கு முதலில் சாப்பாடு வைத்து, லிட்டர் பாக்ஸைச் (பூனை மலசலம் கழிக்கும் மண் பெட்டி) சுத்தம் செய்து, கடைசியில் நோயாளியிடம் போங்கள். வெளியே வந்ததும் கை கழுவிச் சட்டை மாற்றுங்கள்.

அடைத்து வைக்கும் அறை பூனைக்குப் பழகிய அறையாக இருக்கட்டும். மொட்டை மாடி ஷெட்டிலோ இரும்புக் கூண்டிலோ போட்டால் அந்தப் பயமே வைரஸைத் தூண்டிவிடும்.

ஹெர்பிஸ் வைரஸ் வெளியே நோஞ்சான், ஈரத்தில் 18 மணி நேரம் போலத் தாங்கும், காய்ந்த இடத்தில் அதைவிடக் குறைவு. கலிசி வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். எது என்று தெரியாதவரை கலிசி என்றே நினைத்துக் கழுவுங்கள்: முதலில் சோப்பு போட்டு அழுக்கை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 மி.லி. சாதாரண திரவ ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். அழுக்கு இருக்கும்போது ப்ளீச் வேலை செய்யாது, அதனால்தான் சோப்பு முதலில்.

பினாயில் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். நம் வீடுகளில் நோய் என்றதும் கை அதற்குத்தான் போகும். இவற்றில் உள்ள ஃபீனால் வகை ரசாயனங்கள் பூனைக்கு விஷம், தரையில் துடைத்தது பாதத்தில் ஒட்டி நக்கும்போது உள்ளே போகும்.

5. மூக்கைத் திறந்துவிட்டு அப்புறம் சாப்பாடு

இந்த இரண்டையும் ஒரே படியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. எவ்வளவு நல்ல மீனாக இருந்தாலும் அடைத்த மூக்குக்கு அது வெறும் ஈரமான ஏதோ ஒன்று. எனவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மூக்கு வேலையைத் தொடங்குங்கள்.

குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீரைத் திறந்துவிட்டோ இரண்டு வாளி கொதிநீரை எட்டாத இடத்தில் வைத்தோ ஆவி நிரப்பி, பூனையோடு நீங்களும் 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை. நாம் ஆவி பிடிப்பது போல் பாத்திரத்தின் மேல் பூனையின் தலையைப் பிடிப்பது கூடவே கூடாது, ஒரு துள்ளலில் இருவருக்கும் கொப்புளம்தான். நெபுலைசர் இருந்தால் வெறும் சலைன் ஊற்றி, பூனையைக் கேரியர் கூடையில் விட்டு, மேலே துண்டு போர்த்தி, குழாயை ஓரமாக வைத்தால் போதும், முகத்தில் மாஸ்க் வைத்து அழுத்த வேண்டியதில்லை. பூனை மிரண்டால் நிறுத்திவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு மூக்குத் துளையிலும் சலைன் ஒரு சொட்டு, அதிகம் போனால் இரண்டு. பூனை தலையை உதறித் தும்மும், அது வேண்டித்தான் போடுகிறோம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த காஸால் மூக்கில் காய்ந்து ஒட்டியிருப்பதை ஊறவைத்து எடுங்கள். உரித்து எடுத்தால் தோல் கிழியும், அடுத்த முறை கிட்டவே விடாது.

விக்ஸ், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், டீ ட்ரீ எண்ணெய், எதுவும் ஆவியில் கலக்கக் கூடாது, மூக்கில் தடவவும் கூடாது. பாராசிட்டமாலுக்குச் சொன்ன அதே கல்லீரல் குறைதான் இங்கேயும் காரணம். "இயற்கைதானே" என்ற வாதம் பூனையிடம் செல்லாது. அந்த அறையில் கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணியையும் குணமாகும் வரை நிறுத்துங்கள். ஏ.சி. இரவு முழுக்க ஓடினால் காற்று வறண்டு சளி கெட்டியாகும்.

இப்போது சாப்பாடு. வெட் ஃபுட் பவுச்சை வெந்நீரில் போட்டு, விரலை வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும் அளவுக்குச் சூடாக்குங்கள். சூடு வாசனையைக் கிளப்பும். வேகவைத்த நெத்திலி, மத்தி, கோழி வேகவைத்த தண்ணீர் எல்லாம் நல்லது, ஆனால் உப்பு, மஞ்சள், மசாலா இல்லாமல். வெங்காயமும் பூண்டும் கண்டிப்பாகக் கூடாது, அவை சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய மீன் துண்டு கணக்கில் வராது. கருவாடு வாசனைக்கு மயங்கும் என்று சொல்வார்கள், மயங்கும்தான், உப்பு அதிகம் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பால் வேண்டாம்.

ஒரு ஸ்பூன் வையுங்கள், 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், இரண்டு மணி நேரம் கழித்துப் புதிதாக வையுங்கள். நான்கு விதமான கிண்ணங்களை நாள் முழுக்க மூக்குக்கு முன் வைத்திருந்தால் குமட்டல் இருக்கும் பூனைக்கு அந்த உணவின் மீதே வெறுப்பு விழும், குணமான பிறகும் அதைத் தொடாது.

சிரிஞ்சில் ஊட்டுவது பற்றி. மூக்கு அடைத்திருக்கும் பூனைக்கு வாயும் நிறைந்தால் மூச்சுவிட வழியில்லை, உணவு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். ஊட்டித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னால், கடைவாய்ப் பக்கமாக அரை மி.லி. விட்டு, விழுங்கும்வரை காத்திருந்து அடுத்ததை விடுங்கள். தலையை மேல்நோக்கித் தூக்காதீர்கள். பூனை திமிறிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிட்டு, பசியைத் தூண்டும் மருந்தோ உணவுக்குழாய் வழி டியூபோ தரமுடியுமா என்று கேளுங்கள். டியூப் என்றால் பலர் பயந்து மறுக்கிறார்கள், ஆனால் தினமும் ஆறு முறை பிடித்து அமுக்கி ஊட்டுவதைவிடப் பூனைக்கு அது எவ்வளவோ மேல்.

இரண்டு மூன்று நாள் பட்டினி ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? சாப்பாடு நின்றதும் பூனையின் உடல் கொழுப்பைக் கல்லீரலுக்கு அள்ளி அனுப்பும், கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது, அடைத்துக்கொள்ளும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சளியில் பிழைத்து கல்லீரலில் போன பூனைகள் உண்டு.

6. கண்: சாயம் போட்டுப் பார்க்காமல் சொட்டு மருந்து இல்லை

கண்ணை இடுக்குகிறது என்றால் வலிக்கிறது என்று அர்த்தம். ஹெர்பிஸ் கண்ணின் மேல் படலமான கார்னியாவைத் தின்னும், மரக்கிளை போல் பிரிந்து ஓடும் புண் இதன் தனி அடையாளம். அது வெறும் கண்ணுக்குத் தெரியாது. டாக்டர் ஃப்ளூரோசின் சாயத்தை ஒரு தாளில் தொட்டு வைப்பார், புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலை. நம்மூரில் சிறிய கிளினிக்கிலும் இது உண்டு. சிக்கலாகிவிட்ட கண் என்றால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

சாயம் ஏன் முதலில்? வீட்டில் எப்போதோ நமக்கு வாங்கிய கண் சொட்டு மருந்துகளில் நிறைய, ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்தவை. ஸ்டீராய்டு சிவப்பை ஒரே நாளில் குறைக்கும், பார்க்க குணமான மாதிரி இருக்கும், அடியில் வைரஸ் தடையில்லாமல் கார்னியாவைத் துளைத்துக்கொண்டு போகும். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று எதைப் பார்த்தாலும் கீழே வைத்துவிடுங்கள். இந்த நோயில் கண் போன கதைகளைக் கிளறினால் பலவற்றில் இப்படி ஒரு பாட்டில் இருக்கும்.

மருந்து எழுதிக் கொடுத்த பிறகு போடும் முறை:

முதலில் பீளையைச் சலைன் நனைத்த காஸால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் துடையுங்கள், கண்ணுக்கு ஒரு துண்டு காஸ், மறு கண்ணுக்கு வேறு. பீளை இருக்கும்போது மருந்து அதன் மேலேயே நின்றுவிடும். பூனையைத் துண்டில் சுற்றி, முதுகு உங்கள் வயிற்றில் படும்படி உட்கார வைத்து, பின்னாலிருந்து கையைக் கொண்டு வாருங்கள். முன்னாலிருந்து வரும் பாட்டிலைப் பார்த்தால் எந்தப் பூனையும் பின்வாங்கும். முனை கண்ணில் படக் கூடாது. நீர்த்த சொட்டு மருந்து முதலில், ஐந்து நிமிடம் கழித்து அடுத்தது, களிம்பு அல்லது ஜெல் கடைசியில். உடனே அடுத்ததைப் போட்டால் முதல் மருந்து கழுவிக்கொண்டு போகும், களிம்பை முதலில் போட்டால் சொட்டு உள்ளே இறங்காது.

ஆன்டிபயாட்டிக் சொட்டு வைரஸைக் கொல்லாது, புண்ணில் பாக்டீரியா ஏறாமல் காவல் மட்டும் காக்கும். வைரஸுக்கென்று கான்சிக்ளோவிர் ஜெல் போன்றவை தனியாக உண்டு. அவற்றில் சிலவற்றை நாளைக்கு ஐந்தாறு முறை போட வேண்டியிருக்கும். உங்களால் வேலைக்குப் போய்க்கொண்டு அத்தனை முறை முடியாது என்றால் அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வாய்வழி மருந்துக்கு மாற்றுவார். எழுதியதில் பாதி முறை போடுவதைவிட அது நல்லது. கண்ணீரின் தரத்தையும் இந்த நோய் கெடுப்பதால் ஈரம் தரும் சொட்டு மருந்தும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

கண் மேகமூட்டமாகவோ நீலமாகவோ மாறினால், முழுக்க மூடிக்கொண்டால், கார்னியா மேல் பழுப்போ கறுப்போ ஒரு புள்ளி தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். இன்னும் கண் திறக்காத குட்டியின் இமை உப்பியிருந்தால் உள்ளே சீழ் தேங்கியிருக்கிறது, பத்து நாள் ஆகட்டும் தானாகத் திறக்கும் என்று விடக் கூடாது. டாக்டர் மெதுவாகத் திறந்து கழுவ வேண்டும். தாமதித்தால் இமையின் உள்சதை கார்னியாவோடு ஒட்டி நிரந்தரமாகிவிடும்.

7. வாய்வழி மருந்துகள்

பூனைக்கு வாய் வழியாகக் கொடுக்கத் தகுந்த ஹெர்பிஸ் மருந்து என்றால் ஃபாம்சிக்ளோவிர். மனிதர்களுக்கான மாத்திரைதான். பூனைக்கு இதன் அளவு பார்த்தால் தலை சுற்றும்: கிலோவுக்கு 90 மி.கி. வரை, நாளைக்கு இரண்டு வேளை என்பது பரவலாகப் பயன்படும் அளவு, அதாவது 4 கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு 360 மி.கி. கடைக்காரரும் வீட்டில் உள்ளவர்களும் "இத்தனை சின்னதுக்கு இவ்வளவா" என்று பயந்து கால் பங்காகக் குறைத்துவிடுவார்கள், பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள். பூனையின் உடல் இந்த மருந்தைச் செயலுள்ள வடிவத்துக்கு மாற்றுவதில் மந்தம், அதனால்தான் அளவு அதிகம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டர் குறைப்பார், அந்த முடிவு அவருடையது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

ஃபாம்சிக்ளோவிர் ஸ்டாக் இல்லை, இதுவும் ஹெர்பிஸ் மாத்திரைதான் என்று அசைக்ளோவிரோ வாலசைக்ளோவிரோ கொடுத்தால் வாங்காதீர்கள். அசைக்ளோவிர் மாத்திரை பூனைக்குச் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். வாலசைக்ளோவிர் உயிரையே எடுக்கும். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் சீட்டையும் அட்டையையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

மாத்திரை கசப்பு. கடித்துவிட்டால் வாயில் நுரை தள்ளும், அது ஒவ்வாமை இல்லை. பொடித்துச் சாப்பாட்டில் கலந்தால் அந்தச் சாப்பாட்டையும் இழப்பீர்கள், காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் போட்டுக் கொடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் எல்லாச் சளிக்கும் தேவையில்லை. பூனை சுறுசுறுப்பாக, சாப்பிட்டுக்கொண்டு, காய்ச்சல் இல்லாமல் வெறும் தும்மலோடு இருந்தால் பத்து நாள் வரை பொறுத்துப் பார்ப்பது சரியான வைத்தியம்தான், டாக்டர் சும்மா அனுப்பிவிட்டார் என்று கோபப்படாதீர்கள். மூக்குநீர் மஞ்சள் பச்சையாகி, சோர்வும் காய்ச்சலும் சேர்ந்தால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் எழுதுவார்கள். இதைக் கொடுத்ததும் 5 மி.லி. தண்ணீர் சிரிஞ்சில் கொடுங்கள் அல்லது உடனே சாப்பிட வையுங்கள். மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்க விழுங்கக் கஷ்டம். தயிரிலோ பாலிலோ கலந்து கொடுக்காதீர்கள், கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும்.

எல்-லைசின் பவுடர்? விட்டுவிடுங்கள். 2015இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசிய கட்டுரை அது பூனைக்குப் பயன்படவில்லை என்றே முடித்தது, சில ஆய்வுகளில் நோய் கூடியிருந்தது. இன்னும் டப்பா டப்பாவாக விற்கிறார்கள்.

8. எத்தனை நாள் காத்திருப்பது

ஒரு நோட்டில் தினமும் எடை, சாப்பிட்ட அளவு, தூங்கும்போது மூச்சு, கண் எப்படி இருக்கிறது, நான்கே வரி எழுதுங்கள். முதல் ஒரு வாரத்துக்குள் பசி திரும்ப வேண்டும். தும்மலும் ஒழுகலும் முழுக்க நிற்க 10 முதல் 20 நாள் ஆகலாம். எடை இறங்கிக்கொண்டே போனால் நாள் கணக்கைப் பார்க்காதீர்கள், திரும்பக் காட்டுங்கள்.

மூன்று வாரம் தாண்டியும் நிற்கவில்லை, அல்லது மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால் பூனை லுக்கேமியா வைரஸ், பூனை எய்ட்ஸ் வைரஸ் சோதனையும் மூக்கு, பல் பரிசோதனையும் கேளுங்கள். குட்டி வயதில் கடுமையாக வந்த சில பூனைகளுக்கு மூக்கின் உள் எலும்பு அரித்துப்போய் வாழ்நாள் முழுக்க உறிஞ்சல் இருக்கும். அதற்கு மாதாமாதம் ஆன்டிபயாட்டிக் போடுவது தீர்வில்லை. ஐந்தாம் படியில் சொன்ன ஆவியும் சலைனும்தான் தினசரி வேலையாகும்.

9. அடுத்த முறையைத் தள்ளிப்போடுதல்

பதுங்கிய வைரஸை எழுப்புவது மன அழுத்தம். அது நடந்த அன்றே நோய் வராது, நான்கு நாளிலிருந்து பன்னிரண்டு நாள் கழித்து வரும், அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. நோட்டை இரண்டு வாரம் பின்னால் புரட்டுங்கள்: வீடு மாறினோமா, புதுப் பூனை வந்ததா, ஊருக்குப் போகும்போது போர்டிங்கில் விட்டோமா, கருத்தடை ஆபரேஷன் நடந்ததா, தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா. கடைசியில் சொன்னது முக்கியம், எந்த டாக்டரிடம் போனாலும் "இதுக்கு ஹெர்பிஸ் உண்டு" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

தீபாவளியைத் தவிர்க்க முடியாது, ஆனால் தயாராகலாம். ஒரு வாரம் முன்பே வீட்டின் உள் அறை ஒன்றில், தெருப்பக்க ஜன்னல் இல்லாததாகப் பார்த்து, படுக்கை, லிட்டர் பாக்ஸ், தண்ணீர் வைத்து அங்கேயே சாப்பாடு கொடுத்துப் பழக்குங்கள். வெடிச் சத்தம் கேட்ட பிறகு அந்த அறைக்குள் தூக்கிப் போட்டால் அது இன்னொரு பயம்தான். அலமாரிக்குள் ஒளிந்தால் இழுத்து எடுக்காதீர்கள். மிகவும் மிரளும் பூனைக்கு முன்கூட்டியே தரக்கூடிய மருந்து உண்டு, ஒரு மாதம் முன்பே கேட்டு வையுங்கள்.

பல பூனைகள் உள்ள வீட்டில் பூனை எண்ணிக்கையைவிட ஒரு லிட்டர் பாக்ஸ் அதிகம் வேண்டும், சாப்பாட்டுக் கிண்ணங்கள் ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் இருக்க வேண்டும். நமக்குச் சண்டையே தெரியாது, ஒரு பூனை வழியில் படுத்துக்கொண்டு இன்னொன்றைத் தண்ணீருக்கே போகவிடாமல் வைத்திருக்கும்.

தெருவில் எடுத்த குட்டியை நோய் உண்டு என்றே எண்ணி இரண்டு மூன்று வாரம் தனி அறையில் வையுங்கள். தும்மல் இல்லை என்பது வைரஸ் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

10. தடுப்பூசி

ஹெர்பிஸ், கலிசி, பான்லுக்கோபீனியா (குடலையும் வெள்ளணுக்களையும் தாக்கும் வைரஸ் நோய்) மூன்றுக்கும் சேர்த்த ஊசி. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயதைத் தாண்டும் வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி இருக்கும் வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எந்த வாரம் போகும் என்று தெரியாததால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். இரண்டோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இன்னொன்று, அதன் பிறகு வீட்டுக்குள் இருக்கும் பூனையா, போர்டிங் போகும் பூனையா என்பதைப் பொறுத்து டாக்டர் இடைவெளியைச் சொல்வார்.

ஹெர்பிஸ், கலிசி தொற்றை ஊசி தடுக்காது, வந்தால் லேசாக வரச் செய்யும். ஏற்கெனவே ஹெர்பிஸ் வந்த பூனைக்கும் போட வேண்டும், மற்ற இரண்டு நோய்களும் பாக்கி இருக்கின்றனவே, அதிலும் பான்லுக்கோபீனியா குட்டிகளைக் கூட்டமாக அள்ளிக்கொண்டு போகும். சளி ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டாம், குணமானதும் தேதி வாங்குங்கள்.

போட்ட இடத்தில் முடி நனைந்திருந்தால் அங்கேயே ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள். பல ஊசிகளில் இருப்பது வீரியம் குறைத்த உயிர் வைரஸ். தோலுக்கு அடியில் அது பாதுகாப்பு, ஆனால் சிந்தியதைப் பூனை நக்கி மூக்குக்கும் வாய்க்கும் கொண்டு போனால் சில நாளில் தும்ம ஆரம்பிக்கும்.